பீரங்கி கட்டிப் பிடிச்ச கட்டடம்

"நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க சிரிங்க. ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு கண்டிஷன். கதை முடியற வரைக்கும் யாரும் காலை நகர்த்தக் கூடாது."

இதை நான் எங்க பில்டிங் படிக்கட்டுல நின்னு சொன்னேன். ஸ்டைலுக்குச் சொல்லல. காரணம் இருந்துச்சு. அந்தக் காரணம் ஒரு மிளகு சைஸ்ல இருக்கும். அதுக்கு எட்டு கால். பேரு பீரங்கி.

இழுத்தடிச்சுச் சொல்றது எனக்குப் பிடிக்காது, அதனால நடந்ததை முதல்ல சொல்லிடறேன். என் பேரு இன்பவல்லி. ப்ளஸ் ஒன் பாதியில ஸ்கூலை விட்டேன். இப்ப ஒரு கலர் மீன் கடையில வேலை. அங்க வர்ற கஸ்டமர் ஒருத்தர் வீட்டுல டரான்டுலா வளர்த்தாரு. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி, அந்தச் சிலந்திதான். அது முட்டை பொரிச்ச நேரம் பார்த்து அவருக்கு மஸ்கட்ல வேலை கிடைச்சிடுச்சு. பன்னிரண்டு குஞ்சை என் கையில குடுத்துட்டு ஃப்ளைட் ஏறிட்டாரு.

பன்னிரண்டு குஞ்சுக்கும் பன்னிரண்டு ஹோமியோபதி மாத்திரை டப்பா. உள்ளே ஈரமான தென்னை நார்த்தூள். சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு கரப்பான் கால். ஒரு டப்பாவுக்கு ஒருத்தன்தான், சேர்த்து விட்டா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். எங்க க்ளாஸ் மாதிரி. சிரிக்காதீங்க, ஸ்கூல்ல என்னை நம்பி ஒரு சாக்பீஸைக்கூடக் குடுத்ததில்ல. இந்தப் பன்னிரண்டும் என்னை நம்பித்தான் உசிரோட இருக்கு.

ஹவுஸ் ஓனர் டெய்சி ஆன்ட்டி டப்பாவையெல்லாம் ஒண்ணு ஒண்ணா கண்ணுகிட்ட வச்சுப் பாத்தாங்க. "வளர்த்துக்கோ" ன்னாங்க. "ஆனா ஒண்ணு, ஒரே ஒண்ணு வெளிய வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சா, பன்னிரண்டும் கால்வாய்க்குப் போகும். டப்பாவோட."

ஆன்ட்டி சொன்னா செய்வாங்க. முன்னாடி குடியிருந்தவங்க ஒரு சேவல் வளர்த்தாங்க. அது ஒரு நாள் ஆன்ட்டி ஜன்னலுக்குக் கீழ நின்னு கூவுச்சு. அந்த மத்தியானம் பில்டிங் பூரா குழம்பு வாசனை.

இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வரேன். மத்தியானம் பீரங்கிக்குச் சாப்பாடு குடுக்கலாம்னு டப்பாவைத் திறந்தேன். ஐயா ஜம்முனு உக்காந்திருந்தாரு. பெயின்ட் பிரஷ் நுனியால லேசாத் தொட்டேன். காத்தடிச்ச பேப்பர் மாதிரி உருண்டுச்சு.

தோல். வெறும் தோல்.

டரான்டுலா வளர்க்கறவங்க மட்டும் ஏமாறுற விஷயம் இது. வளரும்போது அது சட்டையைக் கழட்டுற மாதிரி தோலைக் கழட்டி வச்சிடும். எட்டு கால், மீசை, முடி எல்லாம் அப்படியே இருக்கும். பாத்தா ஆள் உக்காந்திருக்கற மாதிரியே இருக்கும். நான் காலையிலேர்ந்து தோலுக்குக் குட்மார்னிங் சொல்லிட்டு இருந்திருக்கேன்.

எப்படி வெளிய போனான்? மூடியில காத்து ஓட்டை போடறதுக்குக் குண்டூசியைச் சுட வச்சுக் குத்தணும். மத்த பதினொண்ணுக்கும் அப்படித்தான் குத்தினேன். பீரங்கி டப்பா வந்தப்ப குண்டூசியைக் காணோம். தேடப் பொறுமை இல்ல. கோணி ஊசி கண்ணுல பட்டுச்சு, குத்திட்டேன். மத்தவனுக்கெல்லாம் ஓட்டை, இவனுக்கு மட்டும் வாசக்கதவு.

வெளிய வந்தவன் ஒரு நூலை விட்டுக்கிட்டே போயிருந்தான். அலமாரியிலேர்ந்து ஜன்னல், ஜன்னல்லேர்ந்து கதவு, கதவுலேர்ந்து படிக்கட்டுக் கைப்பிடி. நூலைப் பிடிச்சுக்கிட்டே படிக்கட்டுக்கு வந்தேன். அங்க வந்ததும் நூல் கண்ணுக்குத் தெரியல.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போச்சு.

எங்க பில்டிங்ல கரண்ட் போனா எல்லாரும் படிக்கட்டுக்கு வந்துடுவாங்க. அங்க மட்டும்தான் கிராதி வழியா கொஞ்சம் காத்து வரும். ஆட்டோ ஓட்டுற சாதிக் அண்ணன் பனியனோட வந்து கீழ்ப்படியில உக்காந்தாரு. கீழ் வீட்டுல கணக்கு ட்யூஷன் எடுக்கற தணிகைவேல் சார் பேப்பரால விசிறிக்கிட்டே நடுப்படியில உக்காந்தாரு. டெய்சி ஆன்ட்டி முறம் நிறைய மிளகை எடுத்துக்கிட்டு வந்து, மேல்படியில உக்காந்து கல்லு பொறுக்க ஆரம்பிச்சாங்க.

தோல் உரிச்ச புதுசுல சிலந்திக்கு உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். யாராவது ஒருத்தர் எழுந்து ஒரு படி ஏறினா பீரங்கி சட்னி. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னா பன்னிரண்டும் கால்வாய். ரெண்டும் நடக்கக் கூடாதுன்னா இவங்க எல்லாரையும் உக்கார வைக்கணும். நான் ஒவ்வொரு படியா கண்ணால தேடி முடிக்கணும். அதனாலதான் அந்தக் கண்டிஷனைப் போட்டேன்.

"என்ன கதைம்மா?" ன்னாரு சாதிக் அண்ணன்.

"என் பிள்ளைங்க கதைண்ணே."

"ஆரம்பிச்சுட்டா," ன்னாரு சார்.

"சார், நீங்களே சொல்லுங்க. என் பிள்ளைங்க வந்ததுலேர்ந்து இந்த பில்டிங்ல ஒரு கொசு இருக்கா?"

சார் பட்டுனு முழங்கையில அடிச்சு, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாரு. கொசு. ரத்தத்தோட.

"அது அடுத்த தெரு கொசு சார். விஷயம் தெரியாம வந்திருக்கு. நம்ம கொசுவெல்லாம் போன மாசமே குடும்பத்தோட காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. போகும்போது ஒரு வயசான கொசு என் காதுகிட்ட வந்து, 'நல்லா இரும்மா, மூணு தலைமுறையா இங்கதான் கடிச்சுக்கிட்டு இருந்தோம்' னு அழுதுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வழிச்செலவுக்குக் கொஞ்சம் ரத்தம் குடுத்து அனுப்பினேன்."

சாதிக் அண்ணன் சிரிச்சு, காலை நீட்டப் போனாரு.

"காலு, காலு! மடக்குங்கண்ணே, கதை கலைஞ்சுடும்."

மடக்கினாரு. கீழ் மூணு படியையும் அதுக்குள்ள பாத்துட்டேன். இல்ல.

"ஏம்மா," ன்னாரு சார். "நான் அந்தப் பூச்சியைப் பாத்திருக்கேன். மிளகு அளவுகூட இல்ல. அதைப் பாத்தா கொசு ஓடும்?"

"அது பகல்ல சார். ஹவுஸ் ஓனர் கண்ணுல படற நேரத்துல அடக்கமா இருக்கும். வாடகைக்கு இருக்கறவங்க எல்லாரும் அப்படித்தானே? ஆன்ட்டி கதவைச் சாத்தினதும் உடம்பை ஒரு உதறு உதறும் பாருங்க. ஒரு உதறுக்கு எலுமிச்சை. அடுத்த உதறுக்குத் தேங்காய். மூணாவது உதறுக்கு என் அம்மா கட்டிலை விட்டு இறங்கித் தரையில படுத்துக்குவாங்க."

ஆன்ட்டி தலையைத் தூக்கல. முறத்துல விரல் மட்டும் போயிட்டு வந்துச்சு.

"சாதிக் அண்ணே, மொட்டை மாடியில கொடிக்கயிறு அறுந்துச்சே, புதுசு யார் கட்டினது?"

"நான்தான். பச்சை நைலான் கயிறு. நானே போயி வாங்கிட்டு வந்தேன்."

"நீங்க கட்டினது அன்னிக்கே அறுந்துடுச்சுண்ணே."

"என்னது?"

"உங்க மனசு கஷ்டப்படும்னு யாரும் சொல்லல. பீரங்கிதான் பாவம், அதே பச்சைக் கலர்ல நூலு விட்டு, நீங்க போட்ட அதே முடிச்சைப் போட்டு வச்சான். உங்க முடிச்சு கேவலமா இருக்கும், அதைப் பழகத்தான் அவனுக்கு ரொம்ப நேரம் ஆச்சு."

"ஏய், வாய் நீளுது."

"சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. மழையில உங்க ஆட்டோ பள்ளத்துல இறங்கிடுச்சுல்ல?"

"ஆமா. நாலு பேர் சேர்ந்து தூக்கினோம்."

"தூக்கிட்டு யாருக்காவது கை வலிச்சுதா?"

சாதிக் அண்ணன் யோசிச்சாரு. கையைப் பிடிச்சுப் பாத்துக்கிட்டாரு. "இல்லியே."

"அதான்! நீங்க நாலு பேரும் தொட்டீங்க. தூக்கினது மேலே கரண்ட் கம்பத்துல உக்காந்திருந்த பீரங்கி. ஒத்தை நூல்ல. ஒரு கையால இழுத்துக்கிட்டே இன்னொரு கையால கரப்பான் கால் தின்னுக்கிட்டிருந்தான்."

"அடிப்பாவி," ன்னு சாதிக் அண்ணன் தொடையில தட்டினாரு. பொய்னு தெரியும். ஆனா கை வலிக்கலையேன்னு அவருக்கு ஒரு சந்தேகம் விழுந்துடுச்சு. கேக்கறவங்க மூஞ்சியில அந்தச் சந்தேகம் வந்துட்டா எனக்கு அப்புறம் பிரேக் கிடையாது.

நடுப்படிக்குக் கண்ணை ஏத்தினேன். சார் செருப்பு ஓரமா ஏதோ கறுப்பா இருந்துச்சு. குனிஞ்சு பாத்தா புளியங்கொட்டை ஓடு.

"என்னம்மா என் காலையே பாக்கறே?"

"உங்க செருப்பைப் பாக்கறேன் சார். புயல் ஞாபகம் வந்துச்சு."

"புயலுக்கும் என் செருப்புக்கும் என்ன சம்பந்தம்?"

"புயல் அடிச்ச மறுநாள் காலையில வாசல்ல விட்ட செருப்பு இடம் மாறிக் கிடந்துச்சா இல்லையா?"

"நாய் இழுத்துட்டுப் போச்சு."

"நாய் இழுக்கல சார். செருப்பு விட்ட இடத்துலதான் இருந்துச்சு. வீடுதான் தள்ளிப் போச்சு."

சார் பேப்பர் விசிறுறதை நிறுத்தினாரு.

"காத்து அடிச்ச அடியில நம்ம பில்டிங் அஸ்திவாரத்தோட கிளம்பிடுச்சு சார். தட்டுலேர்ந்து இட்லியை எடுக்கற மாதிரி அலுங்காம எழும்புச்சு. நீங்க எல்லாரும் உள்ளே போர்வையைப் போத்திக்கிட்டு, 'இன்னிக்கு என்ன, வீடு லேசா ஆடுதே' ன்னு திரும்பிப் படுத்துட்டீங்க. நான் டப்பாவைத் திறந்தேன். பன்னிரண்டு பேரும் வெளிய வந்தானுங்க. நான் ஒண்ணும் சொல்லல, பீரங்கி எல்லாரையும் ஒரு பார்வை பாத்தான். எட்டு கண்ணாலயும் பாத்தான். அவ்வளவுதான். ஒருத்தன் தென்னமரத்துக்கு, ஒருத்தன் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு, ஒருத்தன் முக்குல நிக்கற தண்ணி லாரிக்குன்னு பாய்ஞ்சு, நூலைக் கட்டி இழுத்தானுங்க பாருங்க, பொரி மூட்டையைக் கட்டற மாதிரி பில்டிங்கையே கட்டிப் பிடிச்சானுங்க. காத்துக்கு மூச்சு வாங்கிடுச்சு. போதும்டா சாமின்னு அப்படியே கடலுக்குத் திரும்பிடுச்சு. பில்டிங்கைக் கீழ வைக்கும்போது மட்டும் ஒரு தப்பு பண்ணிட்டானுங்க. அரை அடி கிழக்கே தள்ளி வச்சுட்டானுங்க. உங்க கதவு சாத்த மாட்டேங்குதே, அதனாலதான்."

"மரம் ஈரத்துல உப்பியிருக்கும்மா." சார் குரல்ல சுருதி குறைஞ்சிருந்துச்சு.

"எங்க வீட்டு ஜன்னலும் சாத்தல," ன்னாரு சாதிக் அண்ணன்.

"பாத்தீங்களா!"

"நீ சும்மா இருய்யா." சார் என் பக்கம் திரும்பினாரு. "இவ்வளவு மூளையை வச்சுக்கிட்டு ஸ்கூலை ஏன் விட்டே? அதைச் சொல்லு."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. நிஜக் காரணம் ஒண்ணு இருக்கு, அதைச் சொன்னா உங்களுக்கு போர் அடிக்கும், எனக்கும் அடிக்கும். அதோட இன்னும் நாலு படி பாக்க வேண்டி இருந்துச்சு.

"பீரங்கியாலதான் சார் விட்டேன். பரீட்சை அன்னிக்கு எனக்கு ஜுரம். அவனை ஜாமெட்ரி பாக்ஸ்ல வச்சு அனுப்பினேன். ஆறு பாடத்தையும் ஒரே நேரத்துல எழுதினான். ஆறு காலுக்கு ஆறு பேனா. ஏழாவது கால்ல மார்ஜின் போட்டான். எட்டாவது காலைத் தூக்கி அடிஷனல் பேப்பர் கேட்டான். எட்டு கண்ணு இருந்தும் பக்கத்துப் பேப்பரைப் பாக்கல சார். அது என் வளர்ப்பு."

"கணக்குல எவ்வளவு?" சார் தன்னை மறந்து கேட்டுட்டாரு.

"நூத்துக்கு நூறு. நீங்க கீழ் வீட்டுல நடத்தறதைச் சுவத்துல ஒட்டிக்கிட்டுக் கேட்டிருக்கான். உங்ககிட்ட படிச்சு நூறு வாங்கின ஒரே ஆளு அவன்தான்."

சாதிக் அண்ணன் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுக் குலுங்கினாரு. "கைப்பிடியைத் தொடாதீங்க!" ன்னு கத்திட்டேன். பயந்து எடுத்துட்டாரு.

"அப்புறம் என்ன, ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டாங்க. 'இன்பவல்லி, நாளையிலேர்ந்து உன் சிலந்தியை அனுப்பு, நீ வரணும்னு இல்ல' ன்னாங்க. எனக்குன்னு ஒரு மானம் இருக்குல்ல? அவனும் நல்லவன். 'அக்கா இல்லாத ஸ்கூல் எனக்கும் வேண்டாம்' னு டி.சி. வாங்கிட்டு வந்துட்டான்."

அப்பத்தான் வெயில் கிராதி வழியா சாய்ஞ்சு விழுந்துச்சு. கைப்பிடியில ஒரு நூல் மின்னுச்சு. என் பீரங்கி நூல். நடுப்படியைத் தாண்டி, மேல, மேல, நேரா டெய்சி ஆன்ட்டி பக்கமா போச்சு.

அதே நேரம் ஆன்ட்டி முறத்தைத் தட்டி, மிளகை ஒரு பக்கமா ஒதுக்கினாங்க. வேலை முடிஞ்சிடுச்சு. எழுந்திரிக்கப் போறாங்க. அந்தக் காலு கீழ வந்தா கதை முடிஞ்சுது.

"ஆன்ட்டி! டேங்க்!"

"டேங்க்ல என்ன?" அன்னிக்கு ஆன்ட்டி பேசின முதல் வார்த்தை அதுதான். கால் அந்தரத்துல நின்னுச்சு.

வாயில வந்ததை விட்டேன்.

"டேங்க்லதான் பெரியவன் இருக்கான். உங்ககிட்ட பன்னிரண்டுன்னு சொன்னேன்ல, அது டப்பாவுல அடங்கினவனுங்க கணக்கு. இவன் அடங்கல. ஒரு காலை மடக்கி உக்காந்தாலே டேங்க் நிறைஞ்சிடும். சாதிக் அண்ணன் ஆட்டோ டயர் அளவுக்கு ஒரு முழங்கால்."

"ஏய்..."

"கேளுங்க! தண்ணி லாரி வராத வாரத்துலகூட நம்ம டேங்க்ல தண்ணி இருக்கே, எப்படி? அவன்தான் ஆன்ட்டி. மேகம் போகும்போது நூலை எறிஞ்சு ஒரு முனையைப் பிடிச்சுக்குவான். கீழ இழுப்பான். ஈரத்துணியைப் பிழியற மாதிரி ரெண்டு பக்கமும் முறுக்கிப் பிழிஞ்சு விடுவான். காலி மேகத்தை உதறி, சுருக்கம் எடுத்து, மறுபடி வானத்துல விரிச்சு விடுவான். சாயங்காலம் பாருங்க, நம்ம பில்டிங் மேல வர்ற மேகம் மட்டும் வெள்ளையா, மொடமொடன்னு இருக்கும்."

எனக்கே அந்த மேகம் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

சாதிக் அண்ணன் கைதட்டி எழுந்துட்டாரு. "வா, பாத்துடலாம்! சார், எழுந்திருங்க. மேல போயி டேங்க் மூடியைத் திறந்து பாத்துடலாம். இருந்தா இவ சொன்னதெல்லாம் நிஜம்."

சாரும் எழுந்தாரு. ரெண்டு ஜோடி செருப்பு. எல்லாம் மேல் நோக்கி.

உக்கார வைக்கச் சொன்ன புளுகு, எல்லாரையும் எழுப்பி விட்டுடுச்சு. நான் படிக்கு நடுவுல ரெண்டு கையையும் விரிச்சு நின்னேன்.

"நகராதீங்க! எல்லாம் பொய்! டேங்க்ல ஒண்ணும் இல்ல. கொசு பொய், புயல் பொய், பரீட்சை பொய். பீரங்கி டப்பாவை விட்டு வெளிய வந்துட்டான். மிளகு சைஸ்தான். இந்தப் படியிலதான் எங்கயோ இருக்கான். இப்பதான் தோல் உரிச்சிருக்கான், விரல் பட்டாலே செத்துடுவான். நான்தான் மூடியில பெரிய ஓட்டையாப் போட்டேன். தயவுசெஞ்சு மிதிச்சுடாதீங்க."

மூக்குல தண்ணி வந்துடுச்சு. அசிங்கம்தான், வந்துடுச்சு.

சாதிக் அண்ணன் என்னைப் பாத்தாரு. சாரைப் பாத்தாரு. முகத்தைச் சுளிச்சாரு.

"என்னம்மா இது? மேகத்தைப் பிழியற வரைக்கும் எவ்வளவு நல்லா போச்சு. கடைசியில மிளகு சைஸ்ல ஒரு பூச்சி தொலைஞ்சு போச்சாம். கதை படுத்துடுச்சு."

"முடிவு சரியில்ல," ன்னாரு சார். "அழற மாதிரி நடிச்சது மட்டும் பரவாயில்ல. கொஞ்சம் ஒதுங்கி, வழியை விடு."

"சத்தியமா சார்!"

"இதைத்தானே புயலுக்கும் சொன்னே?"

சத்தியமா, புயலுக்குச் சத்தியம் பண்ணல. ஆனா அதைச் சொன்னா யார் நம்புவா? அவர் என் தோளைப் பிடிச்சு ஓரமா தள்ளி, காலைத் தூக்கினாரு.

"தணிகைவேல். காலை அங்கயே வை."

டெய்சி ஆன்ட்டி. சத்தமே போடல. சார் காலு தூக்கின இடத்துலயே இறங்குச்சு.

ஆன்ட்டி முறத்தை என் பக்கமா நீட்டினாங்க. ஒரு பக்கம் சுத்தம் பண்ணின மிளகு, குவிச்சு வச்சிருந்துச்சு. இன்னொரு பக்கம் காலி. அந்தக் காலி இடத்துல ஒத்தை மிளகு. அது ஒரு காலைத் தூக்கி, முகத்தைத் துடைச்சுக்கிச்சு.

"இதுவா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"நீ கொசுக் கதையை ஆரம்பிக்கறப்பவே கைப்பிடியிலேர்ந்து இறங்கி வந்துச்சு. வண்டுன்னு நசுக்கப் போனேன். எதுக்கும் காலை எண்ணிப் பாத்தேன். எட்டு இருந்துச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல ஆன்ட்டி?"

"சொன்னா நீ கதையை நிறுத்திடுவே. கரண்ட் வேற இல்ல."

சாதிக் அண்ணன் முறத்துகிட்ட குனிஞ்சு பாத்து, சத்தமில்லாம பின்னாடி நகர்ந்தாரு. சார் தன் ரெண்டு செருப்பையும் திருப்பி அடியில பாத்துக்கிட்டாரு. அப்புறம் தொண்டையைச் செருமினாரு.

"வெளிய வந்துடுச்சே டெய்சிம்மா. நீங்க கண்டிஷன் போட்டிருந்தீங்களே. கால்வாய்..."

ஆன்ட்டி பீரங்கியையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பீரங்கியும் ஆன்ட்டியைப் பாத்துக்கிட்டு இருந்தான், எட்டு கண்ணாலயும்.

"பில்டிங்கையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதைக் கால்வாய்ல போட்டுட்டு, அடுத்த புயலுக்கு நீங்க வந்து பிடிப்பீங்களா தணிகைவேல்?"

சார் மறுபடி பேப்பரால விசிற ஆரம்பிச்சாரு.

"குண்டூசி என் தையல் மிஷின் டப்பாவுல இருக்கு. புது மூடி போடு," ன்னாங்க ஆன்ட்டி என்கிட்ட. நான் பிரஷால பீரங்கியை மெதுவாத் தள்ளி டப்பாவுல ஏத்தி, மூடியை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் கரண்ட் வந்துச்சு. எல்லார் வீட்டுலயும் ஃபேன் சுத்துற சத்தம். ஆன்ட்டி முறத்தை இடுப்புல வச்சுக்கிட்டு, மோட்டார் சுவிட்ச்சுகிட்ட போயி, கை வச்சுட்டுத் திரும்பினாங்க. முகத்துல ஒரு சிரிப்பும் இல்ல.

"அப்படியே மேல போயி, டேங்க்ல இருக்கானே உன் பெரியவன், அவனைக் கொஞ்சம் ஓரமா உக்காரச் சொல்லு. தண்ணி ஏத்தப் போறேன்."